வலப்பக்கம் போகும் பந்து

அக்கா தங்கை இருவரையும் வீட்டில் இன்றைக்கும் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்வார்கள். பெரியவள் பல் டாக்டர்; ஐம்பதைத் தாண்டி இரண்டு வருஷம் ஆகிறது. சின்னவள் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். பிள்ளைகள் படிப்புக்கென்று ஆளுக்கொரு திசையில் போன பிறகு, வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று இருவரும் சேர்ந்து கோல்ஃப் கற்றுக்கொண்டார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியது சீக்கிரமே பைத்தியமாக முற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் சரி, காலையில் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பட்டுப்புடவையைத் தொடுவார்கள்.

அந்தப் பைத்தியத்துக்கு இப்போது ஒரு சோதனை வந்திருந்தது. பெரியவள் அடிக்கிற பந்து வலப்பக்கமாகவே போனது.

எல்லாப் பந்தும் அல்ல. குழிக்கு அருகில் மெல்லத் தட்டுகிற பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. நீளமாக அடிக்க வேண்டிய இடத்தில்தான் தொல்லை. முதல் அடி அடித்தாயிற்று. பந்து புல்வெளி நடுவில் கிடக்கிறது. குழியோ இன்னும் எங்கோ தூரத்தில், கொடி மட்டும் தீக்குச்சி போலத் தெரிகிறது. அந்த இடத்தில் எடுக்கிற மட்டைக்கு ஃபேர்வே வுட் என்று பெயர். பெயரில்தான் மரம், தலை முழுக்க உலோகம். அதை அவள் வீசினால் பந்து நேராகக் கிளம்பும், பாதி வழியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல வலப்பக்கம் திரும்பும், மரங்களுக்குள் போய் மறையும்.

"மட்டை பழசு அக்கா. அதத் தூக்கிப் போடு" என்றாள் சின்னவள். "இப்ப கழுத்துல திருகு வெச்ச மட்டை வந்திருக்கு. பந்து வலப்பக்கம் போச்சுன்னா கழுத்தத் திருப்பி விட்டா போதும், நேரா போகும். அடுத்த மாசம் ஜோடிப் போட்டி இருக்கு, ஞாபகம் இருக்கா? நீ இப்படியே அடிச்சா நாம ரெண்டு பேரும் காட்டுலதான் விளையாடணும்."

லிஃப்ட் இன்ஜினியரான பெரியவளின் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார். "புது மட்டை வாங்கினா பந்து நேரா போகும்னா, புதுச் செருப்பு வாங்கிக் குடு, நானும் நேரா நடக்கறேன்."

சின்னவள் சிரித்தாள். பெரியவளும் சிரித்துவைத்தாள். அவள் மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று மற்ற இருவருக்கும் தெரியாது.

அவர்களுடைய அப்பா நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். விரல்கள் மழை பெய்வது போல விழும் என்பார்கள். ஏறக்குறைய பெரியவளின் இதே வயதில், அவருடைய இடது கை ஒரு எழுத்தை விட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தது. மெஷினில் கோளாறு என்றார். மெஷினை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நாற்காலி உயரம் சரியில்லை என்றார். நாற்காலியையும் மாற்றினார்கள். கடைசியில் பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னபோது, சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் போட்டுவிட வேண்டியிருந்தது.

போன மாதம் கிளினிக்கில், ஒரு நோயாளியின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இடது கையிலிருந்த சின்னக் கண்ணாடி நழுவி அந்த ஆளின் நாக்கில் விழுந்தது. அவர் திடுக்கிட்டார். "சாரி, கிளவுஸ் வழுக்கிடுச்சு" என்று சமாளித்தாள். உதவிக்கு நின்ற நர்ஸ் அதைப் பார்த்தாள். அன்றைக்கே இன்னொரு தரம் நழுவியது. அதிலிருந்து, காலையில் பல் தேய்க்கும்போது, காரில் சிக்னலுக்காக நிற்கும்போது, நோயாளி வாய் கொப்பளிக்கும் இடைவெளியில் எல்லாம், இடது கையை விரித்து நடுங்குகிறதா என்று பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. நடுங்கவில்லை. ஆனால் பிடியில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. அப்பாவுக்கும் ஆரம்பத்தில் நடுக்கம் இல்லை.

டாக்டர்தானே, யாரிடமாவது காட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். தாடைக்குள் ஓடுகிற நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுகிறவள்தான். தன் கை என்று வந்தபோது அவளும் அப்பாவைப் போல மெஷினைத்தான் குறை சொன்னாள். மட்டையை மாற்றினால் பந்து நேராகப் போகட்டும். போனால், கையில் ஒன்றுமில்லை. இதுதான் அவள் மனசுக்குள் போட்டுக்கொண்ட கணக்கு. வெளியே சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியும். அதனால் வெளியே சொல்லவில்லை.

கோல்ஃப் மட்டை விற்கிற கடை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. உள்ளே நீளமான கூடம். சுவரோரம் மட்டைகள் வரிசையாக நின்றன. கோடியில் வலை கட்டிய ஒரு தடுப்பு, அதற்குள் செயற்கைப் புல், எதிரே பெரிய திரை. பந்தை அடித்தால் அது திரையில் மோதிக் கீழே விழும். அது எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் போயிருக்கும் என்று திரையில் ஒரு கோடு வளைந்து காட்டும். கடைக்காரர் ஒல்லியான மனிதர். திருகு சாவியைப் பென்சில் போலக் காதில் செருகியிருப்பார். மைதானத்தில் எல்லோரும் அவரைத் 'திருகு' என்றே சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும்.

"முதல்ல உங்க பழைய மட்டைலயே ஒண்ணு அடிங்க மேடம்" என்றார்.

அடித்தாள். திரையில் கோடு வலப்பக்கம் வளைந்தது.

"பரவால்ல. இப்ப இத எடுங்க." புது மட்டையின் கழுத்தில் சாவியை நுழைத்துத் திருகினார். கடக் என்று ஒரு சத்தம். தலையைக் கழற்றி, கழுத்து வளையத்தை ஒரு படி நகர்த்தி, மறுபடி முடுக்கினார். "இந்த வளையத்துல எண் போட்டிருக்கு பாருங்க. இப்படித் திருப்பினா மட்டையோட முகம் கொஞ்சம் மேல பாக்கும், கொஞ்சம் இடது பக்கமா மூடும். உங்க பந்து வலது பக்கம் ஓடுறத இது இழுத்துப் பிடிக்கும்."

பெரியவள் மட்டையை வாங்கினாள். உள்ளங்கை வேர்த்திருந்தது. பாவாடையில் துடைத்துக்கொள்கிற பள்ளிக்கூடப் பெண் மாதிரி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். வீசினாள். கோடு வலப்பக்கம் சாய்ந்தது, ஆனால் முன்பு போல அல்ல.

"பாத்தியா!" என்றாள் சின்னவள்.

கடைக்காரர் இன்னொரு படி திருப்பினார். கடக். இந்த முறை கோடு நேராகப் போய்ப் புல்வெளி நடுவில் நின்றது. அடுத்ததும் நேராகப் போனது. அதற்கடுத்ததும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கி நடந்து போனது போல இருந்தது. "மட்டைதான்டி! நான்தான் லூசு மாதிரி…" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"என்ன லூசு மாதிரி?"

"ஒண்ணுமில்ல. நீ ஒண்ணு அடி பாக்கலாம்."

சின்னவள் அதே மட்டையை வாங்கி அடித்தாள். பந்து நேராகப் போனது, ஆனால் தூரமே போகவில்லை. "தோள் பிடிச்சிருக்கு அக்கா, முழுசா திரும்ப மாட்டேங்குது" என்று வலது தோளைத் தேய்த்துக்கொண்டாள். "போர்டுல எழுதி எழுதி. அதுலயும் இந்தப் பசங்க, எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, தெரியல மிஸ்னு ஒரே புகார். கண்ணாடி போடுங்கடான்னு சொல்லிட்டேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டு மட்டையைப் பெரியவளிடம் திருப்பிக் கொடுத்தார். "இன்னும் நாலஞ்சு அடிச்சுப் பாருங்க மேடம், மனசுக்குப் பிடிச்சா எடுத்துக்கலாம்."

அங்கேயே நிறுத்தியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். கை அதற்குள் களைத்துவிட்டது போலும். அடுத்த பந்து வலப்பக்கம் சாய்ந்தது. அதற்கடுத்தது இன்னும் அதிகமாக. கடைக்காரர் நெற்றியைச் சுருக்கி, இன்னொரு படி திருப்பினார். கடக். நேராகப் போனது. மறுபடி வலது. மட்டையின் அடியில் இருந்த சின்ன எடையைக் கழற்றி வேறு துளைக்கு மாற்றினார். மறுபடி வலது.

"இன்னொரு படி?" என்று கேட்டாள் பெரியவள். குரல் அவளுக்கே அன்னியமாகக் கேட்டது.

"இதுக்கு மேல எண் இல்ல மேடம். கடைசி வரைக்கும் வந்தாச்சு."

"ஒரு தடவ. கடைசியா ஒரு தடவ அடிக்கறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி வீசினாள். வீச்சின் உச்சியில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் தாமாகவே திறந்துகொண்டன. மட்டை பறந்தது. திரையில் இடித்து, வலையில் சுருண்டு, செயற்கைப் புல்லில் விழுந்து கிடந்தது.

"அடி ஒண்ணும் படலையே?" என்று கேட்டபடி கடைக்காரர் ஓடிவந்தார். பெரியவள் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

காரில் ஏறியதும் சின்னவள் சாவியைப் போடவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கேட்டாள். "எத்தன நாளா?"

"என்னது?"

"அக்கா. நானும் அதே அப்பாவுக்குப் பொறந்தவதான். எத்தன நாளா?"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் கடையில் வாங்கிய பைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். "ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்" என்றாள் கடைசியில். "நோயாளி வாயில கண்ணாடியப் போட்டுட்டேன்டி. நாளைக்கு ட்ரில் மெஷின் கையில இருக்கும்போது அப்படி ஆச்சுன்னா?"

"அத்தானுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"வாய்க்குள்ள இருக்கறதெல்லாம் தோண்டித் தோண்டிப் பாப்ப, உன் வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்ட" என்றாள் சின்னவள். திட்டினாளே தவிர, குரல் உடைந்திருந்தது. மறுநாளே ஒரு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கி, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி, அக்காவைக் கையோடு அழைத்துப் போனாள்.

காத்திருக்கிற அறையில் பச்சை நிற நாற்காலிகள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் கை, மடியில் மடித்து வைத்திருந்த துண்டின் மேல், மாத்திரையை உருட்டுவது போல ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி அதன் மேல் தன் கையை வைத்து அமுக்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலப் பத்திரிகை படித்தாள். பெரியவள் வேறு பக்கம் திரும்பினாள். எழுந்து போய்விடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. சின்னவள் அவள் முந்தானையை விரலில் சுற்றிப் பிடித்திருந்தாள், சின்ன வயதில் சந்தையில் பிடித்துக்கொள்வது போல.

பெயரைக் கூப்பிட்டார்கள். நரம்பு டாக்டர் நரைத்த தலையை ஒட்ட வெட்டிய பெண்மணி. கேள்விகள் கேட்டார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலது கையில் நின்றது, இடது கையில் உருவிக்கொண்டு வந்தது. பிறகு டாக்டர் அவளுடைய இடது முழங்கையின் உட்பக்கத்தில் விரலால் லேசாகத் தட்டினார்.

சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது. "அம்மா!" என்று கத்திவிட்டாள்.

"கண்ணாடியப் பிடிச்சுகிட்டு முழங்கைய மடக்கி, நாற்காலிக் கைல ஊனிட்டே வேல பாப்பீங்க, சரியா? எத்தன வருஷமா?"

"இருபத்தஞ்சு இருக்கும்."

"அங்க ஒரு நரம்பு நசுங்கியிருக்கு. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் அதுதான் பலம் குடுக்குது. இது உங்கப்பாவுக்கு வந்தது இல்ல. அதோட சாயல்கூட இல்ல. ஒரு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். கொஞ்ச நாள் கட்டு போட்டுப் பாப்போம், கேக்கலன்னா சின்ன ஆபரேஷன். சரியாயிடும்."

பெரியவளுக்கு முதலில் எதுவும் காதில் ஏறவில்லை. ஏறியதும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சின்னவள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "லூசு, லூசு, லூசு" என்று முதுகில் தட்டினாள். எழுந்தார்கள். நன்றி சொன்னார்கள். சின்னவள் முன்னால் போய்க் கதவைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டர். அவர் பார்த்தது பெரியவளை அல்ல. "நீங்க, தங்கச்சி. அந்த வராந்தாக் கோடி வரைக்கும் போயிட்டு வாங்களேன். சும்மா, எப்பவும் நடக்கற மாதிரி."

"நானா? எனக்கென்ன?" என்று சிரித்தபடியே சின்னவள் நடந்தாள்.

பெரியவள் கதவோரம் நின்று பார்த்தாள். தங்கையின் இடது கை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு போனது. வலது கை ஆடவேயில்லை. சட்டைக்கையை ஆணியில் மாட்டி வைத்தது போல உடம்போடு ஒட்டித் தொங்கியது. திரும்பி வரும்போதும் அப்படியே.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இந்த நடைக்குப் பின்னால் அவள் நடந்திருக்கிறாள்! தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறாள். திரும்பாத தோள். எறும்பு மாதிரி எழுத்து. பசங்களைக் கண்ணாடி போடச் சொன்னது. எல்லாம் அவள் முன்னால்தான் நடந்தது. அதையெல்லாம் மறைத்துக்கொண்டு அவளுடைய சொந்தப் பயம் நின்றிருந்தது.

டாக்டர் சின்னவளை உட்கார வைத்து விரல்களைத் தட்டச் சொன்னார். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். வரியின் முடிவுக்குப் போகப் போக எழுத்து சிறுத்தது. சின்னவள் தன் எழுத்தைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

அடுத்து வந்த வாரங்கள் எப்படிப் போயின என்று பெரியவளைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஸ்கேன், மறுபடி டாக்டர், மாத்திரை. சின்னவளுக்கும் அப்பாவுடைய அதே பார்க்கின்சன்; ஆரம்ப நிலைதான், மருந்து நன்றாகக் கேட்கிறது, பல வருஷம் நல்லபடியாக வேலை பார்க்கலாம், விளையாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். சின்னவள் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து பள்ளிக்கூடம் போனாள். பெரியவள்தான் தேறவில்லை. கண்டதையெல்லாம் படித்தாள். காலை, மதியம், சாயங்காலம் என்று போன் செய்து மாத்திரை போட்டாயா என்று கேட்டாள். "எனக்கு வந்திருக்க வேண்டியது" என்று ஒருநாள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் அன்றைக்கு எந்தக் கிண்டலும் செய்யாமல், அவளுடைய கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஜோடிப் போட்டி வந்தது, இவர்கள் இல்லாமலே முடிந்தது. அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை சின்னவள் போன் செய்தாள்.

"கிளம்பு. மட்டை வாங்கப் போறோம்."

"எனக்குக் கட்டு அவுக்கலையேடி."

"உனக்கு யாரு வாங்கறா? எனக்கு."

மாடிக் கடையில், அன்றைக்கு மட்டை பறந்ததைப் பற்றிக் கடைக்காரர் கேட்கவில்லை. சின்னவளை அடிக்கச் சொல்லி, திரையில் வந்த எண்களைப் பார்த்தார். பெரியவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே பேசினாள். தண்டு கனமா? பிடி தடியா இருந்தா நல்லதா? மூணாம் எண் மட்டையா, அஞ்சாம் எண் மட்டையா? தோள்ல வலி வருமா? கீழே விழுந்தா உடையுமா?

"அக்கா" என்றாள் சின்னவள். "மட்டை வாங்க வந்திருக்கோம். மாப்பிள்ளை பாக்க வரல."

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு ஏழாம் எண் மட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எண் ஏற ஏற மட்டையின் முகம் மேலே சாயும்; இதன் முகம் நன்றாகவே சாய்ந்திருந்தது. தண்டு இறகு போல இருந்தது. "வேகம் கம்மியா இருந்தாலும் இது பந்த மேல தூக்கிடும். மூணாம் எண்ண வெச்சுகிட்டு வீம்புக்கு மல்லுக்கட்ட வேணாம்." கழுத்து வளையத்தைக் காட்டினார். "இப்ப நடு எண்ல வெச்சிருக்கேன். பின்னாடி வேகம் இன்னும் மாறிச்சுன்னா எடுத்துட்டு வாங்க, ஒரு படி ஏத்திக்கலாம்."

அவருக்கு விஷயம் தெரியாது. பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள் வளையத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். "எத்தன படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இன்னும் இருக்கு மேடம். நிறையவே இருக்கு."

"அப்ப இதையே குடுத்துடுங்க."

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனார்கள். பெரியவள் விளையாடவில்லை; நல்ல கையால் தங்கையின் பையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தாள். புல் நனைந்திருந்தது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆயிற்றா, ஷூ வழுக்குமா, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டுமே என்று அவள் மனசு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தது. முன்னால் போகிற தங்கையின் வலது கை வீசுகிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் வீசியது. நேற்றை விட அதிகமா? அவளால் சொல்ல முடியவில்லை.

பந்து புல்வெளி நடுவில் கிடந்தது. கொடி தூரத்தில் இருந்தது. சின்னவள் புது மட்டையை எடுத்துக்கொண்டு நின்றாள். தோளை ஒருமுறை உருட்டினாள். வீசினாள், நல்ல, நிறைவான சத்தம் ஒன்று கேட்டது.

"எங்க போச்சு?" வெயில் கண்ணில் அடித்ததால் கையைக் குடையாக்கிக்கொண்டு சின்னவள் கேட்டாள். "அக்கா, எங்க விழுந்துச்சு?"

பெரியவள் திகைத்தாள். "பாக்கலடி."

"பாக்கலயா? பின்ன என்னத்தப் பாத்துட்டு இருந்த?"

"உன் கைய."

சின்னவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை முறைத்தாள். முறைப்பு அதிக நேரம் நிற்கவில்லை. "என் கைய நான் பாத்துக்கறேன்" என்றாள். "நீ பந்தப் பாரு. புதுப் பந்து அது."

இருவரும் கொடியை நோக்கி, புல்லைக் காலால் விலக்கிக்கொண்டே, பந்தைத் தேடி நடந்தார்கள்.